கோவளத்தில் வாங்கிய பழைய பைபர் படகும், முதல் படகைப் பற்றி நான் சொன்ன பொய்யும்

எங்கள் காலனிக்கும் கடலுக்கும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஆனாலும் தாம்பரம் முடிச்சூர் ரோட்டில் எங்கள் குடியிருப்போர் சங்கம் சொந்தமாகப் படகு வைத்திருக்கிறது. சிரிக்கிறவர்கள் ஒரு கார்த்திகை மாசம் வந்து எங்கள் தெருவில் நின்று பார்க்கட்டும். மேலே இருக்கிற ஏரிகள் நிரம்பி, ஆறும் கரை தாண்டினால், காலையில் சைக்கிள் போன தெருவில் மத்தியானம் மார்பளவு தண்ணீர். எங்கள் பக்கம் பால்காரருக்கு நீச்சல் தெரியுமா என்று விசாரித்த பிறகுதான் பால் கார்டு வாங்குவோம். இப்போது இருப்பது இரண்டாவது படகு. புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை கோவளம் போய் வாங்கி வந்தோம். பழைய பைபர் படகு வாங்க நினைக்கும் மற்ற காலனிக்காரர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் இதே இணையப் பக்கத்தில் நான் எழுதிய வெள்ளக் கட்டுரையை நிறையப் பேர் படித்தீர்கள். வெளியில் ஐயாயிரம் பேர் என்று சொல்லியிருக்கிறேன், கம்ப்யூட்டர் நூற்றுப் பதினாறு என்று காட்டுகிறது. எங்கள் முதல் படகு ஏன் தண்ணீர் குடித்து உட்கார்ந்தது என்று அதில் ஒரு காரணம் எழுதியிருந்தேன். பக்கத்து வீட்டுக் கேட்டின் ஈட்டி முனை அடியைக் கிழித்துவிட்டது என்று. அது பொய். படகைக் கெடுத்தவன் நான். அந்தப் படகை நம்பி ஏறியவன் அதே பக்கத்து வீட்டுக்காரன், என் சிநேகிதன் தேவா. இந்தப் பயணத்தில் என்னோடு வந்தவர் அவன் மனைவி எஸ்தர். வீடு திரும்புவதற்குள் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் வண்டி ஏறினேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பெயர் தணிகாசலம். படிப்பு ஒன்பதாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. படப்பை பக்கம் பஸ் பாடி கட்டும் ஷெட்டில் முப்பத்தொரு வருஷம் பட்டி போட்டு, தேய்த்து, பெயிண்ட் அடித்தவன். பைபர் பம்பர், பைபர் கூரை எல்லாம் இந்தக் கை வழியாகப் போனவைதான். நான் ஒட்டுப் போட்டு அனுப்பிய ஒரு பஸ் இன்றைக்கும் கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்குகிறது. டிரைவர் மாறிவிட்டார், இன்ஜின் மாறிவிட்டது, என் ஒட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

முதல் படகையும் நான்தான் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். நல்ல படகு. இதில் பொய் இல்லை. காலனிப் பொது இடத்தில் பிள்ளையார் கோயிலை ஒட்டி, பின்பக்கம் ரோட்டைப் பார்க்கும்படி நிறுத்தி வைத்தோம். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்தோம். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியுமே: கோயிலுக்கு ஒரு ட்யூப் லைட் கொடுத்தாலும் அதன் மேல் உபயம் என்று பெயர் எழுதி, வெளிச்சம் வர இடமில்லாமல் செய்துவிடுவோம். படகுக்குப் பெரிய தொகை கொடுத்தவன் நான். சும்மா இருப்பேனா? ஒன்றரை அடிக்கு ஸ்டீல் பலகை வெட்டி, 'உபயம்: மு. தணிகாசலம், பஸ் பாடி நிபுணர்' என்று பொறித்து, படகின் பின்பலகையில் நாலு ஓட்டை போட்டு, நாலு போல்ட் மாட்டி முறுக்கினேன். பஸ்ஸில் போகிறவர்கள்கூடப் படிக்கலாம். அவ்வளவு பளபளப்பு.

அந்த நாலு ஓட்டை வழியாக இரண்டு மழைக்காலம் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. பட்டி போடும் ஆளுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் பலகையில் பெயர் நேராக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

தேவாவுக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். வெள்ளம் வந்த அன்று காலை அவன் குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். நாலு பேர் ஏறினோம். அவனைப் பின்பக்கம் சாய்த்து உட்கார வைத்தேன். அவன் வீட்டுக் கேட்டைத் தாண்டி முப்பதடி போவதற்குள் பின்பக்கம் அமிழ ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தேன். என் ஸ்டீல் பலகை, மேல் தோலையும் பிய்த்துக்கொண்டு, ஒரே ஒரு போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள்ளேயே அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன். "உன் வீட்டு கேட்டு கிழிச்சிடுச்சுடா" என்று தேவாவிடம் சொன்னேன். வாயில் அதுதான் வந்தது. அவனைத் தோளில் போட்டுத் திரும்ப மாடியில் ஏற்றினோம். வேறு படகு வந்தது மூன்றாம் நாள் சாயங்காலம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வாசலைத் தாண்டி உள்ளே போகும்போதே உயிர் போய்விட்டது.

அதற்குப் பிறகு எஸ்தர் கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்புதான் சங்கச் செயலாளர். இந்த வருஷம் காலனியில் ஆக்சிஜன் மிஷினோடு ஒரு பெரியம்மா இருக்கிறார். ஐப்பசியில் பிரசவத்துக்கு நாள் குறித்த பெண்கள் இரண்டு பேர். "படகு இல்லாம இன்னொரு மழை வேண்டாம். நானும் வந்து பாத்துதான் வாங்கணும்" என்று எஸ்தர் கூட்டத்தில் சொல்லிவிட்டார்.

இனிப் பயணம். குட்டியானை லோடு வண்டி வாடகை, போக வர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய். டிரைவர் பாபு, எங்கள் பக்கத்துக்காரர்தான். காலை 6.10க்குக் காலனியில் கிளம்பினோம். முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். 6.30க்குப் பெருங்களத்தூரில் டீ, ஒன்று பதினைந்து ரூபாய். சர்க்கரை தூக்கல். சொல்லிப் போடச் சொல்லுங்கள்.

"இன்னா சார், போட்டு வாங்கிகினு வந்து எங்க ஓட்டப் போறீங்க? டிராபிக்ல கோர்ட்டு ஸ்டே வாங்கின மாதிரி நிக்குது ஜிஎஸ்டி ரோடு" என்றார் பாபு.

"தண்ணி வந்தா உன் வண்டியையே அதுல ஏத்தி அனுப்புவேன்" என்றேன்.

"இந்த வண்டியா? அப்ப போட்டுக்கு சேத்து ரெண்டு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கணும்."

எஸ்தர் சிரித்தார். அவர் சிரிக்கும்போது சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சிரிக்கிறவரிடம் எப்படிச் சொல்வது? டீ கிளாஸை வைத்துவிட்டு, கொல்லிமலை பஸ் கதையைச் சொன்னேன். அவர் அதைப் பத்தாவது தடவையாகக் கேட்டிருப்பார்.

வண்டலூரில் இடதுபக்கம் திரும்பி, கேளம்பாக்கம் ரோடு. எங்கள் வீட்டிலிருந்து வண்டலூர் ஏழு கிலோமீட்டர், அங்கிருந்து கேளம்பாக்கம் பத்தொன்பது, பிறகு கோவளம் ஆறு. ஆக முப்பத்திரண்டு. பாபு வண்டி மீட்டர் நாற்பத்தொன்று காட்டியது. அந்த மீட்டரை நம்பினால் நாங்கள் மகாபலிபுரம் தாண்டியிருக்க வேண்டும். ஏழரை மணிக்கு முன்னால் இந்த ரோட்டைக் கடந்துவிடுங்கள். கல்லூரி பஸ்கள் வரிசை கட்டினால் மாம்பாக்கத்திலேயே பாதி நாள் போய்விடும். மாம்பாக்கம் தாண்டும்போது எஸ்தர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "இந்த ரோட்டுல அவரு ஸ்கூட்டர்ல கூட்டிட்டு வருவாரு அண்ணா, கோவளம் சர்ச்சுக்கு" என்றார். சொல்ல வந்ததை அங்கேயும் விழுங்கினேன்.

7.20க்குக் கேளம்பாக்கம் தாண்டி ஒரு தகர ஷெட். ஒரு புரோக்கர் முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தார். பதினான்கு அடிப் படகு, வெள்ளை வெளேரென்று, கல்யாண மண்டபத்து மாப்பிள்ளை மாதிரி ஸ்டாண்டில் நின்றது.

"ஒரே ஓனர் சார். சன்டே மட்டும் எடுத்தாரு. கடல் தண்ணியே படல" என்றார் புரோக்கர்.

கடல் தண்ணியே படாத படகு எதற்கு என்று நான் கேட்கவில்லை. குனிந்து, கன்னத்தைப் படகின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல வைத்து, நீளவாக்கில் பார்த்தேன். இதுதான் முதல் பரிசோதனை, எழுதிக்கொள்ளுங்கள். நேரே நின்று பார்த்தால் பெயிண்ட் தெரியும், ஓரமாகப் பார்த்தால்தான் மேடு பள்ளம் தெரியும். நல்ல பைபர் கண்ணாடி மாதிரி ஒரே ஓட்டமாக ஓடும். இதில் நடுவில் ஒரு முழத்துக்கு அலை அடித்தது. அடிபட்ட பள்ளத்தைப் பட்டியால் நிரப்பி மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்து அஞ்சு ரூபாய்க் காசை எடுத்து ஒரு முனையிலிருந்து சாணுக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போனேன். டக், டக், டக் என்று கணீரென்று வர வேண்டும். அலை அடித்த இடத்தில் 'தொப்' என்றது. நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரி. பைபர் என்பது கண்ணாடி நூல் விரிப்பைப் பசையில் நனைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியதுதான். அடி வாங்கினால் அந்த அடுக்குகள் உள்ளுக்குள் பிரிந்துவிடும். வெளியே தெரியாது, சத்தத்தில் தெரியும்.

"அங்கிள், நீங்க இன்னா டாக்டரா? இருமச் சொல்லுங்க, இருமும்" என்றார் புரோக்கர்.

"நான் தட்டினா சுரைக்காய்கூட வயசு சொல்லும் தம்பி" என்று சொல்லிக்கொண்டே அடிப்பக்கம் படுத்துப் பார்த்தேன். மிளகு அளவுக் கொப்புளங்கள், பத்துப் பதினைந்து. புரோக்கர் ஐயோ ஐயோ என்று கத்துவதற்குள் ஒன்றை ஆணி முனையால் குத்தினேன். நீர் கசிந்தது. விரலில் தொட்டு எஸ்தரிடம் நீட்டினேன்.

"ஊறுகாய் வாசனை" என்றார் எஸ்தர். வினிகர் நெடி. தண்ணீர் பைபருக்குள் போய்ப் பசையைக் கரைக்க ஆரம்பித்துவிட்டால் அந்த வாசனை வரும். அப்படிப்பட்ட படகு காலை வெயிலில் அழகாக நிற்கும், அவ்வளவுதான். புரோக்கர், கொப்புளத்துக்கு நஷ்டஈடு கேட்பேன் என்று கத்திக்கொண்டிருந்தார். "அண்ணாத்த, நாங்க வாங்க வந்தோம், அதுக்கு வைத்தியம் பாக்க வரல" என்று பாபு வண்டியை எடுத்தார்.

வண்டியில் எஸ்தர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "முதல் போட்டையும் இப்படித்தானே பாத்து வாங்கினீங்க அண்ணா? எப்படி அவ்ளோ சுலபமா கிழிஞ்சிடுச்சி?"

"நல்ல போட்டுதான்மா அது" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். கோவளம் வந்துவிட்டது என்று பாபு சொன்னார். வரவில்லை, இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருந்தது. ஆனால் நான் அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன்.

கோவளத்தில் குமரேசன் என்று ஒருவர். மீனவர், இப்போது தொழிலுக்குப் போகாமல் பைபர் ரிப்பேர் பார்க்கிறார். மீன் ஏலம் முடிந்து கூட்டம் கலையும் 9 மணிக்கு மேல் போனால் நிதானமாகப் பேசுவார். எங்களுக்காக ஒரு படகை நிழலில் கவிழ்த்து வைத்திருந்தார். பதினைந்து அடி. பார்க்கச் சகிக்கவில்லை. நீலம் மங்கி, வெள்ளை உதிர்ந்து, அடி முழுக்க மணலில் இழுத்த கீறல்.

"எல்லாக் காயத்தையும் நானே காட்டிடறேன். அப்பறம் நீ கண்டுபுடிச்சன்னு வேணாம்" என்றார். சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தார். இங்கே கல்லில் இடித்தது, சிலந்தி வலை மாதிரி வெடிப்பு, மேல் பூச்சில்தான், ஆழமில்லை. இங்கே ஒரு சாண் ஒட்டு, உள்பக்கமும் விரிப்பு ஒட்டியிருக்கிறது, கையை விட்டுத் தடவிப் பார். நான் காசால் தட்டினேன். எல்லா இடத்திலும் கணீர். ஒட்டின் மேல்கூட. வெடிப்பில் மை தடவித் துடைத்துக் காட்டினார். மை உள்ளே இறங்கவில்லை. இறங்கினால் வெடிப்பு ஆழம் என்று அர்த்தமாம். இது எனக்கே புதுசு. தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

"பின்பலகைதான் முக்கியம்" என்றார் குமரேசன். "மோட்டார் மாட்ற எடம். வெளிய பைபரு, உள்ள பிளைவுட்டு. நெறைய பேரு இத பாக்கறதே கெடியாது. இங்க வா, காட்டறேன்."

பக்கத்தில் இன்னொரு படகு ரிப்பேருக்காகக் கிடந்தது. அதன் பின்பலகையை அறுத்துத் திறந்து வைத்திருந்தார். வெளித்தோல் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே இருந்த மரம் கறுத்து, கட்டைவிரலால் அழுத்தினால் புட்டு மாதிரி உதிர்ந்தது.

"எப்படி ஆச்சு?" என்று எஸ்தர் கேட்டார்.

"இன்னா, பேருதான்" என்று சொல்லித் தோலில் இருந்த ஓட்டைகளைக் காட்டினார் குமரேசன். "எவனோ பேர்ப் பலகை வச்சிகீறான். நாலு ஸ்க்ரூ. ஸ்க்ரூ போட்டா பசை வுட்டு அடைக்கணும். அடைக்கல. மழத் தண்ணி சொட்டு சொட்டா உள்ள போய்கினே கீது. வெளிய பாத்தா ராஜா மாதிரி நிக்கும். நாலு பேரு பின்னாடி குந்துனா பேஜாருதான். தோலோட பிச்சிக்கும்."

எஸ்தர் அந்த நாலு ஓட்டைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் படகில் பளபளத்த பலகை அவருக்கும் தெரியும். தினமும் அதைக் கடந்துதான் பால் வாங்கப் போவார். அவர் கண்டுபிடித்துவிட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவர் கண்டுபிடித்து, பிறகு நான் ஆமாம் என்று தலையாட்டுகிற மாதிரி ஆகிவிடக் கூடாது என்று தோன்றியது.

"எஸ்தர், கேட்டு கிழிக்கலம்மா" என்றேன். "என் பலகைதான். நாலு போல்ட்டு. நான்தான் ஓட்ட போட்டேன். அன்னிக்கி தண்ணியிலயே பாத்தேன். பாத்துட்டு, புடுங்கிப் போட்டுட்டு, கேட்டுன்னு சொன்னேன்."

இவ்வளவு சின்னதாக நான் எந்தக் கதையும் சொன்னதில்லை. குமரேசன் ஒன்றும் புரியாமல் அவரையும் என்னையும் பார்த்தார். எஸ்தர் கரை வரைக்கும் நடந்து போனார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அலை வந்து போகிற இடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பாபு வந்து, "சார், அக்கா இன்னாத்துக்கு அங்க தனியா நிக்கிறாங்க?" என்று கேட்டார். நான் காசை எடுத்து, ஏற்கெனவே தட்டின படகையே மறுபடி தட்டினேன். இருபது நிமிஷம் இருக்கும். எஸ்தர் திரும்பி வந்து குமரேசனிடம், "இந்த போட்ட தண்ணியில எறக்க முடியுமா? நான் ஏறிப் பாக்கணும்" என்றார்.

கடலில் வேண்டாம், பின்னால் கழிமுகத்தில் இறக்கலாம் என்றார் குமரேசன். அங்கே அலை இல்லாமல் தண்ணீர் குளம் மாதிரி நிற்கும். ஐம்பது கிலோ மணல் மூட்டை நாலு ஏற்றினோம். எஸ்தர் போய்ப் பின்பலகையை ஒட்டி, தேவா உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தார். "நீங்களும் ஏறுங்க" என்றார். ஏறினேன். 11.20க்குக் கயிற்றை நீட்டி விட்டார்கள். ஒரு மணி நேரம் மிதக்க விட்டு, உள்ளே தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது. பழைய படகுக்கு இதைவிடப் பெரிய பரிசோதனை கிடையாது. யாரும் செய்ய மாட்டார்கள், வெயில் அடிக்கும்.

முதல் கால்மணி நேரம் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் தரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"அந்த கேட்டு அவரா நின்னு செஞ்சது. ஈட்டி வேணாம், பசங்க ஏறுவாங்கன்னு சொன்னேன். கேக்கல."

"தெரியும்மா."

"தெரியாது உங்களுக்கு. அந்த மூணு நாளும் மாடியில படுத்துக்கினு அதையேதான் சொன்னாரு. 'நீ சொன்ன, நான் கேக்கல எஸ்தர். நான் வச்ச கேட்டே எனக்கு எமனா ஆயிடுச்சி'ன்னு. கடைசி நாளு என் கையப் புடிச்சி மன்னிப்பு கேட்டாரு. அந்த கேட்டுக்காக." மணல் மூட்டையின் அடியில் விரலை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். "நானும் மன்னிச்சிட்டேன்னு சொன்னேன். ஏன்னா எனக்கும் உள்ளுக்குள்ள கோவம்தான். இவரு என் பேச்சக் கேட்டிருந்தா ஆஸ்பத்திரி போயிருப்பாரேன்னு."

அந்தக் கேட்டை எஸ்தர் அடக்கம் முடிந்த வாரமே அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். இன்றுவரை அந்த வீட்டுக்குக் கேட்டு இல்லை. நான் தினம் பார்க்கிறேன். வண்டி நிறுத்த வசதிக்காக எடுத்துவிட்டார்கள் என்று நாலு பேரிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

என் பொய் என் மானத்தைக் காப்பாற்ற மட்டும்தான் என்று மூன்று வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதனின் கடைசி மூன்று நாளை அது தின்றுவிட்டது. செய்யாத தப்புக்கு அவன் மன்னிப்புக் கேட்டான். அவன் செய்யாத தப்பை எஸ்தர் மன்னித்தார். இட்டுக்கட்டிச் சொல்வதில் எனக்கு நிகர் இல்லை என்று நினைத்தவன், இதில் ஒரு வார்த்தையையும் கூட்டிச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். "எஸ்தர்மா" என்று ஆரம்பித்தேன்.

"தரையப் பாருங்க" என்றார்.

12.20க்குக் கயிற்றை இழுத்தார்கள். மூட்டைகளை நகர்த்தி, எஸ்தர் தன் முந்தானையால் தரையை மூலை மூலையாகத் துடைத்துப் பார்த்தார். பின்பலகையின் அடியில் விரலை விட்டுத் தடவினார். காய்ந்த மணல் மட்டும்தான் ஒட்டியது. படகு 46,000 ரூபாய், இரண்டு துடுப்பும் கயிறும் சேர்த்து. ஏற்றுகூலி 600. பாபு கயிறு கட்டினார். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தலாமா என்று கேட்டார். யாருக்கும் பசியில்லை. அவருக்கு மட்டும் கேளம்பாக்கத்தில் பிரியாணி வாங்கிக் கொடுத்தார் எஸ்தர். திரும்பும்போது அவர் முன்சீட்டில் உட்காரவில்லை. எவ்வளவு சொல்லியும் கேட்காமல், பின்னால் படகுக்குப் பக்கத்தில் கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்து வந்தார். 3.40க்குக் காலனி.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் நானே எழுந்து சொன்னேன். கொஞ்சப் பேர் திட்டினார்கள். கொஞ்சப் பேர், வுடுங்க, வயசானவரு என்றார்கள். திட்டியதைத் தாங்க முடிந்தது. பழைய கட்டுரையை அழிக்கவில்லை, அதன் மேலேயே 'இது பொய்' என்று எழுதி, இந்தக் கட்டுரைக்கு லிங்க் போட்டிருக்கிறேன். கேட்டைக் குறை சொன்ன வரியைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டால் மட்டும் உண்மை தேவாவிடம் போய்ச் சேர்ந்துவிடாது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போதே படகைப் பாருங்கள், உச்சி வெயிலில் மேடு பள்ளம் மறைந்துவிடும். புதுப் பெயிண்ட் அடித்த பழைய படகை விட, பெயிண்ட் போன பழைய படகு மேல். காசு, ஆணி, மை, ஒரு டார்ச், பழைய துணி கொண்டு போங்கள். டார்ச்சை உள்பக்கம் வைத்து வெளியே இருந்து பார்த்தால் பைபர் மெலிந்த இடம் பளிச்சென்று தெரியும். கையோடு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு, பாரம் ஏற்றி மிதக்க விடுங்கள். விற்கிறவர் மறுத்தால் வந்துவிடுங்கள். வாங்கி வந்த பிறகு கவிழ்த்து வையுங்கள். ஓட்டை போடாதீர்கள். யார் கொடுத்தது என்று ஊருக்குத் தெரிய வேண்டுமானால் சுவரில் எழுதுங்கள், சுவர் மிதக்க வேண்டியதில்லை.

மாசத்துக்கு ஒரு தடவை படகை நிமிர்த்தி ஸ்டாண்டில் வைத்து, உள்ளே தண்ணீர் ஊற்றி, வெளிப்பக்கம் கசிகிறதா என்று பார்க்கிறோம். அந்த வேலையை நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். காலை ஏழு மணிக்கு ஊற்றுவேன், எட்டுக்கு அடியில் படுத்துப் பார்ப்பேன். முப்பத்தொரு வருஷம் பழகிய கண். சொட்டுக்கூட இல்லை என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியும். எட்டே காலுக்கு எஸ்தர் வருவார். "ஒண்ணும் இல்லம்மா, காஞ்சிதான் கீது" என்பேன். அவர் தலையாட்டுவார். பிறகு குனிந்து, காய்ந்த துணியால் அடி முழுவதும் தானே ஒரு தடவை துடைத்து, அந்தத் துணியைக் கையில் பிழிந்து பார்த்துவிட்டுத்தான் போவார்.